கூட்ரோடு வரைக்கும்

தணிகாசலம் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றதும் சாருமதியின் வலது கை தானாகவே மடியிலிருந்த பையின் ஜிப்புக்குப் போனது. திறக்கவில்லை. ஜிப்பின் மேல் இரண்டு விரலை வைத்தது, அவ்வளவுதான். கண்டக்டரான அவரும் எப்போதும் போல லேசாகத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. இன்றைக்கு வாய் திறந்து கேட்டுவிட வேண்டும் என்று ராத்திரி படுக்கும்போதும், காலையில் பல் தேய்க்கும்போதும், காளவாய் நகர் நிறுத்தத்தில் பஸ்ஸுக்காக நின்றபோதும் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்குக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தது. அண்ணா, எனக்கு ஒரு டிக்கெட். இதைச் சொல்ல என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டாம். கை முந்திக்கொண்டது. கையைக் குறை சொல்லவும் முடியாது. காலேஜ் போன வருஷங்களில் அந்த ஜிப்புக்குள் மாணவர்களுக்குக் கொடுக்கும் இலவச பஸ் பாஸ் இருந்தது. முதலில் வெளியே எடுத்துக் காட்டினாள், பிறகு பாதி எடுத்துக் காட்டினாள், பிறகு ஜிப்பைத் தொட்டாலே போதும் என்றாகிவிட்டது. படிப்பு முடிந்து, பாஸ் காலாவதியாகி, அந்த அட்டை அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. படிப்பு முடிந்தது கைக்கு மட்டும் தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். அவளிடம் இப்போது எல்லா வண்டியிலும் போகக் காசு கட்டி வாங்கிய மாத பாஸ் இருக்கிறது என்று தணிகாசலம் நினைத்துக்கொண்டிருக்கலாம். நினைக்காமலும் இருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குப் பயந்துதான் இத்தனை நாளாக அவர் முகத்தை அவள் சரியாகப் பார்த்ததே இல்லை.

பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் இருக்கை அது. தரை அங்கே புடைத்திருக்கும், காலை மேட்டில் வைத்து, முட்டி நெஞ்சுக்கு நேரே வர உட்கார வேண்டும். யாரும் விரும்பி உட்காராத இடம் என்பதால் அவள் உட்காருவாள், யாரையும் எழுப்ப வேண்டாம், யாருக்கும் நகர்ந்து கொடுக்க வேண்டாம். கொஞ்ச தூரம் போனதும் இடது கால் மரத்துவிடும். மரத்துப்போவது வலியில்லாத விஷயம்தான். அந்த இடத்தில் கால் இருக்கிறது என்பது கண்ணால் பார்த்தால் தெரியும், அவ்வளவுதான். நேற்று சாயங்காலத்திலிருந்து அவளுக்கு உடம்பு முழுக்கவே அப்படித்தான் இருந்தது. ராத்திரி அம்மா தட்டில் போட்டது என்ன என்று இப்போது யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. செடி நர்சரியில் நாளெல்லாம் கறுப்புப் பைகளில் மண் நிரப்பிவிட்டு வந்து, நகக்கண்ணில் மண்ணோடு உட்கார்ந்து, "இன்னாடி, காத்து பட்ட மாதிரி கீற?" என்று அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள். பஸ் நிற்கப்போகிறது என்று சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை எப்படியும் தெரியத்தானே போகிறது.

நேற்று திரும்பி வரும்போதுதான் விஷயம் உடைந்தது. மெயின் ரோட்டுச் சந்திப்பான கூட்ரோடு தாண்டி, வெளியாட்களெல்லாம் இறங்கி, வண்டியில் காளவாய் நகர்ப் பெண்கள் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். தணிகாசலம் முன்பக்கக் கம்பியில் சாய்ந்துகொண்டு, "திங்கக்கிழமையிலேர்ந்து வண்டி கூட்ரோடு வரைக்கும்தாம்மா, உள்ள வராது" என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் எஸ்தரக்கா சிரித்தாள். "இன்னா தணிகா, டூட்டி முடியறதுக்கு முன்னாடியே போட்டுட்டியா?" பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "காலி வண்டி ஓட்டறோம்னு டிப்போவுல சொல்றாங்க. கட் பண்ணிட்டாங்க." "காலியா? இத்தினி பேரு குந்தினு கீறோமே, எங்களப் பார்த்தா உனக்குத் தவுட்டு மூட்டையாட்டம் தெரியுதா?" "எனக்குத் தெரியுதுக்கா. மிஷின்ல யாரு ஏறினீங்க?" பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசு இல்லை என்று ஆன பிறகும் டிக்கெட் உண்டு, மிஷினிலிருந்து கிழித்துக் கொடுத்தால்தான் கணக்கில் ஆள். ஒருநாள் நடுவழியில் மிஷினில் பேப்பர் ரோல் தீர்ந்துபோய், மாற்று ரோலும் இல்லாமல், தணிகாசலம் டிப்போவில் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டு, சத்துணவில் சமைக்கும் கன்னியம்மாதான் ஆரம்பித்து வைத்தாள். "எங்களுக்கு இன்னாத்துக்குப்பா பேப்பரு? காசா குடுக்கறோம்? காசு குடுக்கறவனுக்குக் கிழி, ரோலாவது மிச்சமாவட்டும்." பாவம், நல்ல மனுஷன் என்று எல்லோரும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். செக்கர் இவ்வளவு உள்ளே வந்ததே கிடையாது. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையும் ஓய்ந்துபோயிருந்திருக்கும். அவருக்கு இரக்கப்பட்டு எல்லோருமாகச் சேர்ந்து தங்களைத் தாங்களே வண்டியிலிருந்து இறக்கி விட்டிருந்தார்கள், ஏறி உட்கார்ந்துகொண்டே. "எம்மேலயும் தப்பு கீது" என்றார் தணிகாசலம். "நாளைக்கு சனிக்கிழமைக் கணக்கையும் பார்த்துட்டுத்தான் ஆர்டர்ல கையெழுத்துப் போடுவாங்க. நாளைக்குப் போகசொல்லோ வரசொல்லோ எல்லாரும் வாங்கிடுங்க, நான் டிப்போவுல எதனா பேசிப் பாக்கறேன். ஆனா கூட்ரோட்டுக்குள்ள வாங்கிடணும். அங்க ஸ்டேஜ் மாத்திட்டேன்னா மிஷின் பின்னால போவாது. அப்பறம் கிழிச்சா நீங்க கூட்ரோட்டுல ஏறின மாதிரிதான் வரும். காளவாய் நகர் காலியாத்தான் நிக்கும்."

காலியாகத்தான் நிற்கும். ஜன்னலுக்கு வெளியே காலி மனைகள் போய்க்கொண்டிருந்தன. எல்லைக்கல் நட்ட மனைகள், கல்லின் தலையில் மஞ்சள் பெயிண்ட், நடுநடுவே வேலிகாத்தான் முள். உண்மையில் இந்த பஸ் வந்ததே இந்த மனைகளுக்காகத்தான். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது பதினேழாம் நம்பர் வண்டி கூரை ஓடு சுடும் ஓட்டுக் கம்பெனி வரைக்கும்தான் வரும் என்பாள் அம்மா. ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கக் கம்பெனி வாசலுக்கே போய்த் திரும்பும். அதற்குப் பிறகு இன்ஜினியரிங் காலேஜ் வந்தது, வண்டி அந்தப் பக்கம் ஒரு வளைவு வளைந்து போனது, நம்பருக்குப் பின்னால் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டது. பிறகு மனை போட்டவர் யாரையோ பிடித்து, எப்படியோ பேசி, வண்டியை ஏரிக்கரை தாண்டி இங்கே கொண்டுவந்தார். 'பேருந்து வசதி உண்டு' என்று பெரிய போர்டு வைத்தார்கள். அதற்கு வேறோர் எழுத்து. மனைகள் விற்றுத் தீர்ந்தன. வாங்கியவர்கள் எங்கெங்கேயோ இருந்துகொண்டு விலை ஏறட்டும் என்று காத்திருந்தார்கள், இன்னும் காத்திருக்கிறார்கள், ஒரு வீடு எழும்பவில்லை. பஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. மனைகளுக்குப் பின்னால், பழைய சுண்ணாம்புக் காளவாயை ஒட்டிக் குடிசை போட்டிருந்த இவர்கள், தங்களுக்காக வராத பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். இறங்கு என்று யாரும் சொல்லவில்லை. காலேஜ் தனக்கென்று மஞ்சள் பஸ் வாங்கியது, மாணவர்கள் போனார்கள். ஆண்கள் தவணையில் வண்டி எடுத்தார்கள், போனார்கள். மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோ வந்தது. நாளெல்லாம் வந்துகொண்டிருந்த பஸ் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஆனது. பிறகு மத்தியானம் வருவது நின்றது. யாரும் சண்டை போடவில்லை. ஒவ்வொன்றாகக் கழன்றுபோவது அந்தந்த நாளில் பெரிதாகத் தெரியவில்லை. மத்தியான பஸ் நின்ற அன்று தான் என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். செமஸ்டர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். காலை பஸ் இருக்கிறதே என்று நினைத்தாள். காலை பஸ் இருக்கிறதே. இப்போது நினைப்பதற்கு அப்படி எதுவும் மிச்சமில்லை.

முன்னால் மிஷின் கிர்ரென்று கிழித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு எல்லோரும் வாங்கினார்கள், திருவிழாவில் டோக்கன் வாங்குவது போல. "எனக்கும் என் மருமவளுக்கும், அவ வயித்துல கீறதுக்கும் சேர்த்து மூணாப் போடு தணிகா" என்றாள் கன்னியம்மா. "பொறந்து ஏறட்டும், போடறேன்" என்றார் அவர். ஒரு டிக்கெட்தானே, தான் ஒருத்தி வாங்காவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று சாருமதி கணக்குப் போட்டாள். ஒன்றும் கெடாது. பிறகு மறுபடியும், அந்த ஒன்றில்தான் கெட்டால்? டிப்போவில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு எண்ணை மனசில் வைத்துக்கொண்டு பார்ப்பார், அதற்கு ஒன்று குறைந்தால்? அப்படியெல்லாம் இருக்காது. இருந்தால்? அவள் வேலை பார்ப்பது ஆடிட்டர் ஆபீஸில், பயிற்சியில். தீபாவளிக்குள் பார்த்து நிரந்தரம் செய்யலாம் என்றிருக்கிறார்கள். அங்கே விசாலாட்சி மேடம் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது, பில் இல்லாத செலவு நடக்காத செலவு. எவ்வளவு உண்மையாக நடந்திருந்தாலும் சரி. எத்தனையோ பேருடைய பில்லில்லாத செலவுகளை அவள் அடித்துத் தள்ளியிருக்கிறாள். டீக்கடைக்காரர் ஒருவர் வந்து, "பாப்பா, நெஜமாவே செலவு பண்ணேம்மா" என்று நின்றார். புரியுது சார், பில் இருந்தா கொண்டாங்க என்றாள். அவர் முகம் இப்போது நினைவுக்கு வந்தது. அவருக்காக வருத்தமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். மரத்திருந்தது.

"ஏ காலேஜு," எஸ்தரக்கா முன்னிருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். படிப்பு முடிந்தும் அவளுக்கு இந்தப் பெயர் போகவில்லை. "வாங்கிட்டியா?"

"ம்" என்றாள் சாருமதி.

எஸ்தரக்கா திரும்பிக்கொண்டாள். அவ்வளவுதான், ஓர் எழுத்து. பொய் என்று சொல்லும் அளவுக்குக்கூட நீளம் இல்லை. ஆனால் இப்போது எழுந்து போய்க் கேட்டால் அந்த 'ம்' பொய்யாகிவிடும். கொஞ்சம் முன்னால் கேட்பதற்கு வெட்கம் மட்டும்தான் இருந்தது, இப்போது வெட்கத்துக்கு மேல் பொய்யும் ஏறி உட்கார்ந்துவிட்டது. என்ன வெட்கம்? எல்லாப் பெண்களும் வாங்குவதுதானே, கலெக்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள்கூட வாங்குகிறார்கள். ஹரிணிதான் காரணமா? ஆபீஸில் பக்கத்து மேஜை ஹரிணி நல்ல பெண், டிபனில் பாதி எடுத்து வைப்பாள். சாயங்காலம் இதே பஸ்ஸில் வாட்டர் டேங்க் நிறுத்தம் வரை கூட வருவாள். அவள் டிக்கெட் வாங்குவாள், கையில் சுருட்டி மோதிரம் மாதிரி விரலில் மாட்டிக்கொள்வாள். ஒருநாள் யாரோ ஒரு அம்மா நிறுத்தம் தள்ளி நிறுத்திவிட்டதாகச் சண்டை போட, ஹரிணி காதோடு, "ஓசி டிக்கெட்டுக்கு வாயப் பாரேன்" என்றாள். தன் கையிலும் அதே டிக்கெட் இருப்பதை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. அவளுக்கு அது ஓசி இல்லை, சும்மா ஒரு டிக்கெட். அந்தச் சொல் எங்கே போய் ஒட்ட வேண்டும் என்று அந்தச் சொல்லுக்கே தெரிந்திருக்கிறது. அன்றைக்குத்தான் சாருமதி ஜிப்பை மேலும் கெட்டியாகப் பிடித்தாள். 'உனக்கு?' என்று ஹரிணி கேட்டதற்கு 'பாஸ்' என்றாள். 'எங்கேயிருந்து வரே?' என்று முதல் வாரம் கேட்டபோது 'கூட்ரோடு' என்றாள். விசாலாட்சி மேடத்திடமும் கூட்ரோடுதான். காளவாய் நகர் என்றால் 'எங்கே இருக்கு அது?' என்பார்கள். ஏரிக்குப் பின்னாடி என்று சொல்ல வேண்டும், பிறகு அவர்கள் முகத்தில் ஒன்று வரும், வராமலும் இருக்கலாம். வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். கூட்ரோடு என்றால் அதோடு முடிந்தது. இருப்பதிலேயே குட்டியான பொய், முக்கால்வாசி உண்மை, பஸ் அந்த வழியாகத்தானே வருகிறது.

வண்டி ஏரிக்கரை மேல் ஏறியது. சாருமதி இந்த இடத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கும் பக்கம்தான் பார்ப்பாள். மறுபக்கம் சரிவு, சரிவில் கருவேல மரங்கள், அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஆடி மாதம் ஒருநாள் சாயங்கால வண்டி பிரேக் டவுன் ஆகிவிட்டது. கூட்ரோட்டிலிருந்து அவள் இந்தக் கரை மேல் நடந்து வந்தாள். இருட்டவில்லை, இருட்டப் போகிற நேரம். பின்னால் ஒரு பைக் சத்தம். கடந்து போகும் என்று ஓரம் ஒதுங்கினாள். போகவில்லை. அவள் நடக்கும் வேகத்துக்கே வந்தது, விளக்குப் போடாமல். அவள் நின்றால் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. "எங்க போவணும்?" என்று ஒரு குரல். மரியாதையான குரல்தான். வேறு எதுவும் சொல்லவில்லை, எதுவும் செய்யவில்லை. மனைகளின் முதல் கல் வந்ததும் பைக் திரும்பிப் போய்விட்டது. நடந்தது இவ்வளவுதான். யாரிடமாவது சொன்னால் 'அப்புறம்?' என்பார்கள், அப்புறம் ஒன்றுமில்லை. உதவி செய்ய நினைத்த யாரோவாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அந்த சைலன்சரின் டுப் டுப் இன்னும் முதுகுத்தண்டில், சரியாக உள்ளாடைக் கொக்கிகளுக்கு நேராக, ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மா அழமாட்டாள், கத்தமாட்டாள். "சரி, நாளையிலேர்ந்து போவாத" என்பாள். அவ்வளவு எளிதாக முடிந்துவிடும். தெருவில் டிகிரி வாங்கிய ஒரே பெண், நர்சரியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பையில் மண் நிரப்புவாள். அம்மா அதில் கேவலம் எதையும் பார்க்கமாட்டாள். அதுதான் பயம். திங்கட்கிழமை முதல் இந்தக் கரை மேல் போக நடை, வர நடை. மழைக்காலத்தில் அவள் ஆபீஸ் விட்டுக் கூட்ரோட்டில் இறங்கும்போதே நன்றாக இருட்டியிருக்கும். எழுந்து போய்க் கேள். இதற்காகவாவது கேள். பைக் தெரிகிறது, கரை தெரிகிறது, மண் பை தெரிகிறது, இவ்வளவும் ஒரு பக்கம் இருக்கிறது, இன்னொரு பக்கம் ஒரு சின்னக் காகிதம் இருக்கிறது, அப்படியும் உடம்பு எழவில்லை. பயப்பட வேண்டிய இடத்தில் பயம் வரவில்லையே என்று வேண்டுமானால் ஒரு பயம் வந்தது. எஸ்தரக்காவின் கொண்டையில் சொருகியிருந்த கறுப்பு ஹேர்பின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பாதி வெளியே வந்திருந்தது, குலுங்கலுக்குக் குலுங்கல் இன்னும் கொஞ்சம்.

ஓட்டுக் கம்பெனி வந்தது. கம்பெனி இல்லை, அவள் ஸ்கூலில் படிக்கும்போதே இடித்துச் செங்கல் செங்கலாக விற்றுவிட்டார்கள். பாதிச் சுவரும் வாட்ச்மேன் கூண்டும் ஒரு தூங்குமூஞ்சி மரமும் மிச்சம். ஆனாலும் வண்டி ரோட்டை விட்டு இறங்கியது, இல்லாத கேட்டுக்கு முன்னால் போய் நின்றது, டிரைவர் முன்பக்கக் கண்ணாடியில் யாரையோ தேடுவது போலப் பார்த்தார், தணிகாசலம் விசில் ஊதினார், வண்டி மரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி ரோட்டுக்கு ஏறியது. தினமும் இப்படித்தான். இங்கே யாராவது ஏறி அவள் பார்த்ததில்லை. போக வேண்டாம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அதனால் போகிறது. ஆள் ஏறும் இடத்தை வெட்டிவிட்டு இந்தச் சுற்றை விட்டு வைப்பார்களோ என்று தோன்றியது. கூட்ரோட்டோடு நிற்கும் வண்டி இங்கே வராது என்பது பிறகுதான் உறைத்தது. மரத்தைச் சுற்றும்போது வெயில் ஜன்னல் ஜன்னலாக இடம் மாறி அவள் மடியில் விழுந்தது, பையின் ஜிப் மின்னியது, அதன் மேல் இன்னும் அவளுடைய இரண்டு விரல்கள். எவ்வளவு நேரமாக அங்கேயே இருக்கின்றன? எடுத்தாள். விரல் நுனியில் ஜிப்பின் பல் வரிசை பதிந்திருந்தது. சரி, இப்போது. எழுந்திருக்கப் பார்த்தாள். இடது கால் வரவில்லை. மேட்டிலிருந்து கீழே இறக்கி வைத்தாள், அது யாருடைய காலோ போலப் போய்த் தரையில் நின்றது. எறும்பு ஊர ஆரம்பித்தது. கொஞ்சம் பொறு, உணர்ச்சி வரட்டும், விழுந்து வைத்தால் எல்லோரும் பார்ப்பார்கள். இன்ஜினியரிங் காலேஜ் வாசல் போனது, வரிசையாக மஞ்சள் பஸ்கள். அண்ணா, எனக்கு ஒரு டிக்கெட். அண்ணா என்பது வேண்டாம், நேராகக் கேள். நேராகக் கேட்டால் திமிர் போல இருக்கும். உங்களிடம் பாஸ் என்று சொன்னது, இல்லை, நான் சொல்லவே இல்லையே, ஜிப்பைத்தானே தொட்டேன். சொல்லாத ஒன்றை எப்படித் திருப்பி வாங்குவது? தணிகாசலம் முன்னால் டிரைவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடிக்கட்டும். பேச்சுக்கு நடுவில் போய் நிற்கக் கூடாது. முடித்தார். இப்போது வேறு ஏதோ தொடங்கினார். எஸ்தரக்காவின் ஹேர்பின் விழுந்துவிட்டது. அவளுக்கு அது தெரியவில்லை.

பெட்ரோல் பங்க், கோழிக்கடை, மேம்பாலத் தூண்கள். வண்டி நின்றது. கூட்ரோடு, கூட்ரோடு என்று தணிகாசலம் தட்டினார், திபுதிபுவென்று ஆட்கள் ஏறினார்கள், ஈரத் தலை, மல்லிகைப்பூ, டிபன் பாக்ஸ், ஒரு ஆள் கையில் டியூப் லைட். அந்த நெருக்கத்துக்கு நடுவிலும் அவர் கட்டை விரல் ஸ்டேஜ் மாற்ற மிஷினை அழுத்தியதை அவள் பார்த்தாள். அவ்வளவு கூட்டத்தில் அது கேட்டிருக்க முடியாது, ஆனாலும் கீக் என்ற அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது. நிம்மதி போல ஒன்று வந்தது. முடிந்துவிட்டது, இனிமேல் கேட்டும் பயனில்லை, அதனால் கேட்க வேண்டாம். அந்த நிம்மதி அவளுக்குப் பழக்கமானது. மத்தியான பஸ் நின்ற அன்றும் இதுதான் வந்தது. காலை பஸ் இருக்கிறதே. அவள் எழுந்துவிட்டாள். ஏன் எழுந்தாள் என்று தெரியவில்லை, கால் எழுந்தது, ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு. டியூப் லைட்டுக்காரரைத் தாண்டி, கம்பி கம்பியாகப் பிடித்து, தணிகாசலத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"டிக்கெட் குடுங்கண்ணா."

அவர் நிமிர்ந்தார். "யாருக்கும்மா?"

"எனக்கு."

"உனக்குத்தான் பாஸ் கீதே?"

"இல்லண்ணா." குரல் எதிர்பார்த்ததை விடச் சத்தமாக வந்தது. "பாஸ் இல்ல. படிக்கசொல்லோ இருந்ததோட சரி. அப்பறம் எடுக்கல."

எஸ்தரக்கா திரும்பினாள். "இன்னாடி சொல்ற? வாங்கிட்டேன்ன?"

"வாங்கலக்கா."

"அடிப்பாவி. நீ எதோ கவர்மெண்டு ஆபீசராட்டம் பாஸு வச்சினு போறன்னுல்ல நாங்க சொல்லிக்கினு கீறோம்." யாரோ சிரித்தார்கள். கன்னியம்மா சிரிக்கவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தணிகாசலம் மிஷினைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். முதல் தடவையாக அவளும் அவர் முகத்தைப் பார்த்தாள். மாத பாஸ் இருக்கிறது என்றுதான் அவர் நம்பியிருந்தார், அது தெரிந்தது. இடது கண்ணுக்குக் கீழே ஒரு மரு இருந்தது.

"ஸ்டேஜ் மாத்திட்டனேம்மா" என்றார் மெதுவாக. "நேத்தே சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"இப்ப கிழிச்சா கூட்ரோட்டுல ஏறினதாத்தான் வரும்."

"தெரியும்ணா."

"அது கூட்ரோட்டுக் கணக்கு. நம்ம பக்கத்துக்கு ஒண்ணுத்துக்கும் ஆவாது."

"குடுங்கண்ணா."

கிர்ரென்று வந்தது. அவர் கிழித்து அவள் உள்ளங்கையில் வைத்தார், காசு கொடுப்பவர்களுக்குச் செய்வது போல. "சாயங்காலமும் நான்தான். போகசொல்லோ இல்லன்னாலும் வரசொல்லோ வாங்கு. பஸ் ஸ்டாண்டுல ஏறினவுடனே கேளு, உள்ள வரைக்கும் போட்டுத் தரேன்" என்று சொல்லிவிட்டு, டியூப் லைட்டுக்காரரிடம், "அத்தத் தூக்கிப் பிடிய்யா, யாரு தலையிலயாவது வெடிக்கப் போவுது" என்று கத்திக்கொண்டே நகர்ந்தார். எஸ்தரக்கா நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். "குந்து" என்றாள். சாருமதி உட்கார்ந்தாள், இந்த இருக்கைக்குக் கீழே தரை சமமாக இருந்தது. கீழே கிடந்த ஹேர்பின்னை எடுத்துக் கொடுத்தாள். எஸ்தரக்கா அதை வாயில் கவ்விக்கொண்டு கொண்டையை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தாள்.

காகிதம் இன்னும் சூடாக இருந்தது. மிஷினிலிருந்து வந்த சூடு. மகளிர், கட்டணமில்லை என்று இருந்தது. ஏறிய இடம் கூட்ரோடு என்று இருந்தது. ஹரிணியிடம் சொன்னது, மேடத்திடம் சொன்னது, ஆபீஸ் ரிஜிஸ்டரில் ஊர் என்ற இடத்தில் எழுதியது. அவள் இத்தனை நாளாகச் சொல்லி வந்ததைத்தான் மிஷின் அப்படியே வாங்கி எழுதியிருந்தது. இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு யாரிடம் போய், இல்லை சார், நிஜமாகவே அங்கேயிருந்துதான் ஏறினேன் என்று நிற்பது? பில் இருந்தா கொண்டாங்க. அவள் டிக்கெட்டைச் சுருட்டப் போனாள், சுருட்டவில்லை, மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். சாயங்காலம் இருக்கிறதே என்று மனசு சொன்னது. காலை பஸ் இருக்கிறதே என்று சொன்ன அதே குரல். அதை நம்ப முடியவில்லை. சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஹரிணி கூடவே ஏறுவாள், ஜன்னலோரம் பிடிப்பாள், இங்க வா என்று பக்கத்தில் தட்டுவாள். தணிகாசலம் அண்ணன் வருவார். கை ஜிப்புக்குப் போகும். போகட்டும் என்று விட்டால் போய்விடும். சனிக்கிழமைக் கூட்டத்தில், அத்தனை பேர் காதிலும் விழும்படி, ஹரிணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊர்ப்பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னாலும் திங்கட்கிழமை பஸ் வராமல் போகலாம். வராமல்தான் போகும் என்று அவளுக்குத் தோன்றியது. கால் முழுவதும் திரும்பி வந்துவிட்டிருந்தது, இப்போதுதான் வலித்தது. வலது கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னாடி முணுமுணுக்கிற?" என்றாள் எஸ்தரக்கா, வாயில் ஹேர்பின்னோடு.

"காளவாய் நகர் ஒண்ணு" என்றாள் சாருமதி.